காட்டாற்றில் தனியாகத் துடுப்புப் போட ஆசையா? முதல் கேனோ வாங்கும் முன் இதைப் படிங்க!

படகுக் கடைக்குள் நுழையும் புதியவர்கள் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி, "இதுல எது கவிழாது?"

நேர்மையான பதில்: எல்லாமே கவிழும். அதிலும், பாறைகளுக்கு நடுவே நுரைத்துப் பாயும் ஆற்றில் ஒற்றை ஆளாகத் துடுப்புப் போடப் போகிறவர், முதல் சில வாரங்களில் படகுக்குள் இருக்கும் நேரத்துக்குச் சமமாகத் தண்ணீருக்குள்ளும் இருப்பார். அதனால் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்கலாம். கவிழப் போகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கவிழும் படகு எது? கவிழ்ந்த பிறகு சுலபமாகக் கரைக்கு இழுத்து வர முடிவது எது? எல்லாவற்றுக்கும் மேலாக, விழும் நேரத்தில் நம்மை உள்ளே சிக்கவைக்காமல் வெளியே விடுவது எது?

இந்தக் கட்டுரைக்கு ஒரு குடும்பக் காரணமும் இருக்கிறது. கனடாவின் ஸ்கார்பரோவில் வசிக்கும் என் சித்தி மகள், பள்ளி முகாமில் ஏரியில் கேனோ ஓட்டக் கற்றவள். இப்போது ஏரி போரடித்துவிட்டதாம், ஆறு வேண்டுமாம். போனில் சித்தி என்னிடம் சொன்னது இதுதான்: "காசு போனா போகட்டும்டா. இவ பத்திரமா வீடு வந்து சேருவாளா, அதை மட்டும் விசாரிச்சுச் சொல்லு." டொரன்டோவைச் சுற்றியிருக்கும் நம் ஆட்கள் வீடுகளில் இந்த ஆசை இப்போது புதிதல்ல. கோடை விடுமுறையில் வடக்கே நான்கு மணி நேரம் காரோட்டினால் மடவாஸ்கா ஆறு வந்துவிடுகிறதே!

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கேனோவும் கயாக்கும் ஒன்றல்ல. கயாக்கில் காலை முன்னால் நீட்டி உட்கார்ந்து, இரண்டு முனையிலும் தகடுள்ள துடுப்பால் மாறி மாறி வலிக்க வேண்டும். கேனோவில் முட்டி போட்டு அமர்ந்து, ஒரே முனையில் தகடுள்ள துடுப்பால் ஒரு பக்கம் மட்டும் வலிக்க வேண்டும். ஒலிம்பிக்ஸில் ஆஸ்திரேலியாவின் ஜெசிகா ஃபாக்ஸ் தங்கம் வென்ற 'சி1' போட்டியும் கேனோதான். ஆனால், அந்தப் படகின் மேற்பகுதி மூடியிருக்கும். நாம் பேசப்போவது மேலே திறந்திருக்கும் படகைப் பற்றி. கட்டுமரம் என்ற நம் சொல் ஆங்கிலத்துக்குப் போய் 'கேட்டமரான்' ஆனதைப் போல, கேனோ என்ற சொல்லும் கரீபியன் தீவுகளின் பூர்வகுடி மொழியிலிருந்து ஸ்பானிஷ் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது.

ஒரு பக்கம் மட்டும் வலித்தால் என்ன ஆகும்? வலது பக்கம் துடுப்புப் போட்டால் படகு இடது பக்கம் திரும்பும். நேராகப் போக வேண்டுமென்றால் ஒவ்வொரு வலிப்பின் முடிவிலும் துடுப்பைச் சற்றுத் திருப்பி வெளிப்பக்கம் தள்ள வேண்டும். இதைக் கை தானாகச் செய்யும் அளவுக்குப் பழக ஒரு முழு சீசன் ஆகலாம். எந்தப் படகு வாங்குவது என்ற கேள்வியின் பாதி இங்கேதான் இருக்கிறது.

நீளமா, குட்டையா?

ஏரியில் ஓடும் கேனோக்கள் பொதுவாக 16 அடி, இரண்டு பேருக்கானவை. ஆற்றுக்கான ஒற்றை ஆள் கேனோ அதைவிடச் சிறியது. பழைய வடிவங்கள் 12, 13 அடி. இன்றைய வடிவங்கள் 9, 10 அடிக்கே வந்துவிட்டன.

நீளத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது 'ராக்கர்'. படகைத் தரையில் வைத்துப் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். நடுப்பகுதி தரையைத் தொடும், இரு முனைகளும் வாழைப்பழம் போல மேலே வளைந்திருக்கும். அந்த வளைவுதான் ராக்கர். வளைவு அதிகமானால் படகு நின்ற இடத்திலேயே சுழலும். பாறைகளுக்கு இடையே சட்டென்று திரும்ப அது அவசியம். ஆனால் வலிப்பைத் திருத்தத் தெரியாத புதியவர் கையில் அதே படகு பம்பரமாகிவிடும். ஏரிப் படகின் அடிப்பாகம் கிட்டத்தட்ட நேர்க்கோடாக இருப்பதால் அம்பு போல் போகும், ஆனால் பாறைக்கு முன்னால் திரும்ப மறுக்கும். ஏரிக்கு வாங்கியதையே ஆற்றுக்கும் ஓட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

என் சிபாரிசு, 11 முதல் 12 அடிக்குள், நடுத்தர ராக்கர். இந்த நீளத்தில் படகு ஓரளவு நேராகவும் போகும், சொன்னால் திரும்பவும் செய்யும். 9 அடிப் படகு பார்க்க அழகு, காரில் ஏற்றச் சுலபம், தண்ணீரும் குறைவாகவே பிடிக்கும். எஸ்கிஃபின் 'லெட்ஜ்', சில்வர்பிர்ச்சின் 'கவர்ட்' போன்ற சின்னப் படகுகளை ஓட்டும் அனுபவசாலிகள், "ஆரம்பத்திலேயே இதில் கற்றுக்கொள்ளலாமே" என்பார்கள். பக்கத்தில் பயிற்சியாளர் இருந்தால் சரிதான். தனியாகக் கற்பவர் என்றால், நேராகப் போகவே முடியாத எரிச்சலில் இரண்டாவது மாதமே படகை விற்பனைக்குப் போட்டுவிடும் வாய்ப்பு அதிகம்.

இன்னொன்று, உங்கள் எடை. இதைக் கேட்காமல் படகு விற்கிறவரிடம் வாங்காதீர்கள். 55 கிலோ ஆள் ஓட்டும் படகில் 95 கிலோ ஆள் ஏறினால் படகு ஆழமாக அமிழும், ஒவ்வொரு அலையும் உள்ளே எட்டிப் பார்க்கும். எதிர்ப்பக்கமும் உண்டு. எடை குறைந்தவர் பெரிய படகில் ஏறினால் விளிம்பைத் தாண்டித் துடுப்பை நீருக்குள் நேராக இறக்கவே கை எட்டாது. முட்டி போட்டு அமர்ந்து, உடம்பைத் திருப்பாமல் இரண்டு பக்கமும் உள்ளங்கையால் தண்ணீரைத் தொட முடிகிறதா என்று பார்த்தாலே அகலம் பொருந்துகிறதா என்பது ஏறக்குறையத் தெரிந்துவிடும்.

ஆடுகிற படகு நல்ல படகா?

கடைக்குப் பின்னால் இருக்கும் குளத்தில் இரண்டு படகுகளை ஓட்டிப் பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் அடிப்பாகம் தட்டையானது. ஏறியதும் மேஜை போல நிற்கும். மற்றொன்றின் அடி உருண்டையானது. ஏறியதும் அரை அங்குலம் இந்தப் பக்கம், அரை அங்குலம் அந்தப் பக்கம் என்று ஆடும். யாராக இருந்தாலும் முதலாவதைத்தான் வாங்கத் தோன்றும்.

ஆற்றில் கதை மாறுகிறது. அலையின் சரிவில் தண்ணீரே சாய்ந்துதான் இருக்கும். தட்டையான அடி, தண்ணீர் எந்தக் கோணத்தில் இருக்கிறதோ அந்தக் கோணத்துக்குத் தானும் போய் ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். உருண்டை அடியுள்ள படகோ, இடுப்பை லேசாக அசைத்தால் அலை சாய்ந்தாலும் தான் நேராக நிற்கும். குளத்தில் ஆடிய அதே படகு, நன்றாகச் சாய்த்த பிறகு ஓர் இடத்தில் "இதற்கு மேல் வேண்டாம்" என்பது போல் பிடித்து நிற்கும். அந்த எச்சரிக்கைதான் புதியவருக்கு வேண்டியது.

அடிப்பாகமும் பக்கச் சுவரும் சேரும் இடத்தையும் தடவிப் பாருங்கள். கூர்மையான மூலையாக இருந்தால் படகைச் சாய்த்ததும் அது தண்ணீரைக் கத்தி போல வெட்டித் திரும்பும். டேக்கர் நிறுவனத்தின் 'ஒகோயி' அப்படிப்பட்டது. சுமார் 11 அடி, தட்டையான அடி, கூரான மூலை. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸின் சலாலம் போட்டி நடந்த டென்னசி ஆற்றின் பெயர் அதற்கு. துடுப்பு நுட்பம் வந்தவர்களுக்கு அது அமிர்தம். தப்பான பக்கம் சாய்க்கிறவரை ஓட்டம் அந்த மூலையைப் பிடித்துப் புரட்டிவிடும். மழுங்கிய மூலையுள்ள படகு இவ்வளவு கறாராக இருக்காது, தவறை மன்னிக்கும். மேட் ரிவரின் 'அவுட்ரேஜ்', மோஹாக்கின் 'ப்ரோப் 12' ஆகிய பழைய 12 அடிப் படகுகளை இன்றும் புதியவர்களுக்குச் சிபாரிசு செய்வது இதனால்தான்.

பழையதில் ஏன் இத்தனை மோகம்?

இந்தப் பெயர்களில் பல இப்போது பழைய படகுகளாக மட்டுமே கிடைக்கின்றன. அதற்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக்கின் கதை இருக்கிறது.

ஒரு காலத்தில் கேனோ என்றால் மரமும் கான்வாஸும். கனடாவின் திரைப்படக் கலைஞர் பில் மேசன், 1977-ல் தேசியத் திரைப்பட வாரியத்துக்காக எடுத்த கேனோ பயிற்சிப் படங்களில் ஒன்று, தனியாளாகக் காட்டாற்றில் கேனோ ஓட்டுவது பற்றியது. அவர் ஓட்டுவது 16 அடி சிவப்புப் படகு. பார்த்தவர்கள் அப்படியே ஒன்று வேண்டும் என்று கிளம்பிவிடுவார்கள். பாருங்கள், ரசியுங்கள். ஆனால் அந்தப் படகை முதல் ஆற்றுப் படகாக வாங்காதீர்கள். பாறையில் ஒரு நல்ல மோதல், அப்புறம் மரத்தச்சரைத் தேட வேண்டியதுதான்.

பிறகு வந்தது 'ராயலெக்ஸ்'. நடுவில் நுரை, இரு பக்கமும் ஏபிஎஸ் பிளாஸ்டிக், மேலே வினைல் என்று அடுக்கடுக்காகச் செய்த தகடு. பாறையில் மோதினால் நசுங்கும், பிறகு பெரும்பாலும் பழைய வடிவத்துக்கே திரும்பும். இருபது கிலோ சுற்றளவில் எடை இருந்ததால் ஒற்றை ஆளே தோளில் தூக்கலாம். பல பத்தாண்டுகள் ஆற்றுக் கேனோ என்றாலே ராயலெக்ஸ்தான். அதைத் தயாரித்த ஆலையைப் பாலிஒன் நிறுவனம் வாங்கியது. கொஞ்ச நாளில் தயாரிப்பையே நிறுத்தியது. 2014-க்குப் பிறகு புது ராயலெக்ஸ் வரவில்லை. கேனோ நிறுவனங்கள் தடுமாறின. கியூபெக்கின் எஸ்கிஃப் நிறுவனம் கொஞ்ச காலம் கதவையே சாத்திவிட்டு, மறுபடி திறந்து, 'டி-ஃபார்மெக்ஸ்' என்ற மாற்றுப் பொருளைத் தானே உருவாக்கியது.

அதனால் இன்று கண் முன்னால் இருப்பவை மூன்று. பழைய ராயலெக்ஸ், புதிய டி-ஃபார்மெக்ஸ், பாலிஎத்திலீன். கடைசியாகச் சொன்னது நம் வீட்டு மொட்டைமாடித் தண்ணீர் டேங்க் வகைப் பிளாஸ்டிக். அடி தாங்கும், எடை கூடும். ஃபைபர் கண்ணாடி, கெவ்லார் படகுகள் இலகுவானவை. ஆனால் பாறைகளோடு இன்னும் பழகாதவருக்கு அவை வேண்டாம்.

முதல் படகாகப் பழைய ராயலெக்ஸே போதும் என்பது என் கட்சி. சில நூறு டாலரில் கிடைக்கும். கீறல் விழுந்தால் மனசு வலிக்காது. இரண்டு வருடம் கழித்து விற்றாலும் பெரிய நஷ்டம் இருக்காது. வாங்கும்போது படகைக் கவிழ்த்துப் போட்டு, முன், பின் முனைகளின் அடிப்பகுதியைப் பாருங்கள். தேய்மானம் அங்கேதான் முதலில் வரும். வினைல் தேய்ந்து அடுத்த அடுக்கு தெரிந்தால் சரிசெய்யலாம். அதற்கும் கீழே உள்ள நுரையே தெரிந்தால் விலையைப் பாதியாகக் குறைத்துக் கேளுங்கள், அல்லது நடையைக் கட்டுங்கள். அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். ஓரிடத்தில் மட்டும் பொதபொதவென்றிருந்தால் உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம். வெயிலில் வருடக்கணக்கில் கிடந்து வெளுத்துப்போன படகும் வேண்டாம்.

சித்தி கேட்ட கேள்விக்குப் பதில்

படகின் வடிவத்தைவிட, அதற்குள்ளே என்ன பொருத்தியிருக்கிறது என்பதில்தான் உயிர் விஷயம் இருக்கிறது. கடையில் இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

திறந்த படகு கவிழ்ந்தால் தண்ணீரால் நிரம்பும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. சில நூறு லிட்டர் என்றால் சில நூறு கிலோ. அந்தக் கனத்தோடு ஓட்டத்தில் போகும் படகு பாறையில் குறுக்காக மோதினால், பின்னால் வரும் ஆறு முழுவதும் அதை அமுக்கும். தகரடப்பா போல பாறையைச் சுற்றி மடிந்துவிடும். படகுக்கும் பாறைக்கும் நடுவில் ஆள் இருந்தால் என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் முன்னும் பின்னும் உள்ள காலி இடத்தில் பெரிய காற்றுப் பைகளை அடைத்து, கயிற்றுப் பின்னலால் இறுக்கிக் கட்டியிருப்பார்கள். காற்று இருக்கும் இடத்தில் தண்ணீர் வராது. கவிழ்ந்தாலும் படகு மேலாகவே மிதக்கும். காற்றுப் பை இல்லாத கேனோவைக் காட்டாற்றில் இறக்கவே கூடாது. பழைய படகு வாங்கினால் பைகளை முதல் நாள் இரவு ஊதிவைத்து, காலையில் இளகியிருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து, உட்காரும் இடம். ஏரிப் படகில் இருக்கும் பலகை இருக்கை ஆற்றுக்கு ஆபத்து. முட்டி போடும்போது பாதங்கள் பலகைக்கு அடியில் போகும். பலகை தாழ்வாக இருந்து, காலில் கனமான ஷூவும் இருந்தால், கவிழும் நேரத்தில் பாதம் வெளியே வராது. ஆற்றுப் படகில் 'சேடில்' இருக்கும். குதிரைச் சேணம் போல, கெட்டியான நுரைக் கட்டை ஒன்றை நடுவில் ஒட்டியிருப்பார்கள். அதை இரு தொடைகளுக்கும் நடுவில் வைத்து முட்டி போட வேண்டும். பாதங்கள் இரு பக்கமும் தாராளமாக இருக்கும். முட்டிக்கு அடியில் மெத்தை, தொடைக்கு மேல் பட்டைகள். இடுப்பை அசைத்தால் படகும் அசையும் என்றால் அதற்குக் காரணம் இந்தப் பட்டைகள்தான். ஆனால் அவை ஒரே இழுப்பில் கழன்று வர வேண்டும். தலைகீழாக, மூச்சை அடக்கிக்கொண்டு, கண் தெரியாமல் கழற்ற முடிகிறதா? பயிற்சியின்றி இதற்கு ஆமாம் சொல்லாதீர்கள். பட்டை இல்லாமலே ஆரம்பிப்பது புதியவருக்கு இன்னும் நல்லது.

முட்டிவலி உள்ளவர்கள் வாங்கும் முன் வீட்டில் தலையணை மேல் முட்டி போட்டு அரை மணி நேரம் டிவி பாருங்கள். முடியவில்லை என்றால் கயாக்குக்கு மாறிவிடலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

இதெல்லாம் படகு. ஆளைப் பற்றி மூன்று விஷயம். தண்ணீரில் விழுந்தால், முழங்கால் ஆழத்துக்கு மேல் ஓடும் தண்ணீரில் எழுந்து நிற்க முயலவே கூடாது. பாதம் இரு கற்களுக்கு இடையில் மாட்டினால் ஓட்டம் ஆளை முன்னால் மடக்கித் தலையை நீருக்குள் அழுத்திவிடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இப்படி இறக்கிறார்கள். மல்லாந்து, பாதங்களை நீர் ஓடும் திசையில் மேலே தூக்கி வைத்து மிதந்து, ஓட்டம் தணிந்ததும் கரைக்கு நீந்த வேண்டும். இரண்டாவது, கவிழ்ந்த படகுக்கு எப்போதும் மேற்புறம், அதாவது ஆறு வரும் திசையில் இருங்கள். படகுக்கும் பாறைக்கும் நடுவில் போகாதீர்கள். மூன்றாவது, பாறையில் மோதப்போகிறோம் என்று தெரிந்தால் பயந்து எதிர்ப்பக்கம் சாயத் தோன்றும். பாறைப் பக்கமே சாய வேண்டும். எதிர்ப்பக்கம் சாய்ந்தால் வருகிற ஓட்டம் விளிம்பைத் தாண்டி உள்ளே கொட்டும்.

லைஃப் ஜாக்கெட்டும் ஹெல்மெட்டும் போடுவதில் விவாதமே இல்லை. குளிரும் அப்படித்தான். ஒன்டாரியோவில் வசந்தகாலத்தில் ஓடுவது உருகிய பனி. வெயில் சுள்ளென்று அடிக்கிறதே என்று டி-ஷர்ட்டோடு இறங்கினால், விழுந்த நொடியில் மூச்சு திணறும், சில நிமிடங்களில் விரல் மடங்காது. வெட் சூட், இல்லையென்றால் ட்ரை சூட். படகில் மிச்சம் பிடித்த காசு இங்கே போகட்டும்.

எந்த ஆறு?

ஆறுகளை 1 முதல் 6 வரை கடினத்துக்கு ஏற்ப வகைப்படுத்தியிருக்கிறார்கள். முதல் வருடம் 1, 2 போதும். மடவாஸ்காவில் பால்மர் ரேபிட்ஸ் என்ற இடம் புதியவர்களுக்குப் பேர்போனது. ரேபிட்ஸ் முடிந்ததும் தண்ணீர் அமைதியாக விரிந்துவிடுவதால், விழுந்தவர் நிதானமாகப் படகைக் கரைசேர்க்க முடியும். அதே ஆற்றில் 1972-லிருந்து இயங்கும் மடவாஸ்கா கனு சென்டர் போன்ற பயிற்சிப் பள்ளிகளும் இருக்கின்றன. மிண்டனில் உள்ள கல் ஆறு டொரன்டோவுக்கு இன்னும் பக்கம். ஆனால் அது 2015 பான் அமெரிக்கன் விளையாட்டுப் போட்டியின் சலாலம் நடந்த இடம், முதல் மாதத்துக்கானது அல்ல. எங்கே போனாலும் தனியாகப் போகாதீர்கள். 'சோலோ கேனோ' என்பதில் உள்ள சோலோ, படகுக்கு மட்டும்தான்.

நம் பக்கத்தில் இந்த வகைப் படகை ஓட்டிப் பார்க்க வாய்ப்பு மிகக் குறைவு. கோழிக்கோடு மாவட்டம் கோடஞ்சேரியில் நடக்கும் மலபார் ரிவர் ஃபெஸ்டிவலிலும் கயாக்கின் ராஜ்ஜியம்தான்.

வாங்கும் முன் ஒரு வார இறுதிப் பயிற்சி வகுப்பில் சேர்வது நல்ல செலவு. பள்ளியின் படகுகளில் மூன்று நான்கு வகையை ஓட்டிப் பார்த்துவிடலாம், பழைய படகு யாரிடம் விலைக்கு இருக்கிறது என்ற தகவலும் அங்கேயே காதில் விழும். வாங்கிய பிறகு முதல் நாளே ஆற்றுக்கு ஓடாதீர்கள். ஏரிக்கரையில், மார்பளவுத் தண்ணீரில், ஒரு துணையோடு நின்று வேண்டுமென்றே பத்துத் தடவை கவிழ்த்துப் பாருங்கள். பாதம் எங்காவது மாட்டுகிறதா, பட்டை கழல்கிறதா, நிரம்பிய படகை எவ்வளவு தூரம் இழுக்க முடிகிறது என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும்.

கடைசியாக, விற்கிறவர் சொல்ல மறக்கிற ஒன்று. பழைய ராயலெக்ஸ் படகின் விளிம்பு மரச்சட்டமாக இருந்தால், குளிர்காலத்துக்கு முன் முனைகளின் பக்கம் உள்ள ஸ்க்ரூக்களைத் தளர்த்திவையுங்கள். கடும் குளிரில் பிளாஸ்டிக் சுருங்கும் அளவுக்கு மரம் சுருங்காது. இறுக்கமாக இருந்தால் ஸ்க்ரூ துளைகளிலிருந்து விரிசல் ஓடும். ஏப்ரலில் மறுபடி முடுக்கிக்கொள்ளலாம்.